மழலையரைச் சுமந்த மலைவழி

வரலாற்று ஏடுகள் பெரும்பாலும் தனித்துச் சென்றவர்களைப் பற்றியே பேசுகின்றன. படையெடுத்த மன்னன், கடல் கடந்த வணிகன், மறைபரப்ப வந்த துறவி ஆகியோரின் பயணங்களை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடைபழகும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பமாக வழிநடந்தவர்களின் கதை அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. பழனி மலைத்தொடருக்கும் கோடைக்கானலுக்கும் ஏறிய பழைய வழிகளில் அத்தகைய பயணங்கள் பல நிகழ்ந்துள்ளன. அவற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பிள்ளைகுட்டிகளோடு வண்டித்தொடராகப் பயணம் செய்த தமிழர்களுள், இலக்கியம் நமக்குக் காட்டும் மிகப் பழையவர்கள் உமணர்கள். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்றவர்கள் அவர்கள். அவர்களது வண்டிவரிசைக்கு 'ஒழுகை' என்று பெயர். குழந்தையை ஏந்தியபடியே எருதுகளை ஓட்டிச் செல்லும் உமணப் பெண்ணைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கொற்கைத் துறையைப் பாடும் சிறுபாணாற்றுப்படையோ, ஒழுகையோடு வந்த பெண்குரங்கு ஒன்று உமணப் பெண்களின் பிள்ளைகளோடு ஆடி மகிழ்வதைக் காட்டுகிறது. வண்டியின் அடியில் உமணர் கட்டிவைக்கும் 'சேம அச்சை' ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று குறிப்பிடுகிறது. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் நடுக்காட்டில் இரவைக் கழிக்க நேரும். குழந்தைகள் உடன்வரும் பயணத்தில் அந்த மாற்று அச்சு எத்துணை இன்றியமையாதது என்பதைப் பெற்றோர் எவரும் உணர்வர்.

மலையில் உப்பு விளைவதில்லை. கடலும் குன்றும் ஒன்றையொன்று அறிந்துகொண்டது இத்தகைய வழிப்போக்கர்களால்தான். பழனி மலையும் சங்கப் புலவர்களுக்கு அறியாத இடமன்று. அகநானூறு கூறும் 'பொதினி' இன்றைய பழனியே என்பது அறிஞர் கொள்கை. கோடை மலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனைப் புறநானூறு பாடுகிறது. பளியரும் புலையரும் தொன்றுதொட்டு இம்மலையில் வாழ்ந்து வருகின்றனர். சில நூற்றாண்டுகளுக்கு முன்னர்க் கொங்குச் சமவெளியிலிருந்து குன்னுவர் குடும்பங்களும் மலையேறிக் குடியமர்ந்தன. வெள்ளையர் வருமுன்னரே பிள்ளைகளின் காலடிகள் இம்மலைவழிகளில் பதிந்திருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

1821-ல் லெப்டினன்ட் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி பழனி மலையை அளந்தார். 1834-ல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்து மதுரையில் பணி தொடங்கினர். அவர்கள் மனைவி மக்களோடு வந்தவர்கள். வெயிலும் வாந்திபேதியும் காய்ச்சலும் அக்குடும்பங்களை வாட்டின. முதலில் அருகிலிருந்த சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதனால் இன்னும் உயரமான இடத்தைத் தேடி, 1845-ல் கோடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்பன அவற்றின் பெயர்கள். பின்னாளில் ஆயிரமாயிரம் பேர் இன்பச் சுற்றுலா வரும் நகரம், பிள்ளைகளின் உயிரைக் காக்கத் துடித்த பெற்றோரின் அச்சத்தில் தோன்றியது.

அப்பயணம் எளிதன்று. 1875-ல் மதுரைக்கு இரயில் வந்த பின்னர், அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்குவர். இன்று கோடைக்கானல் ரோடு என வழங்குவது அந்நிலையமே. அங்கிருந்து பெரியகுளம் வழியாக மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் மாட்டு வண்டிப் பயணம். கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் படுக்கை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்துவர். வெயிலுக்கு அஞ்சி இரவில் வண்டி ஓடும். தோப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. அதில் வண்டி ஏறாது. நடப்பவர் நடப்பர், வசதியுள்ளவர் குதிரையிலோ டோலியிலோ செல்வர். குழந்தைகளைக் கூலியாட்கள் தோளில் சுமப்பர். 'கூலி காட்' என்றே வெள்ளையர் அவ்வழிக்குப் பெயரிட்டனர்.

இதில் நெஞ்சைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. அடிவாரத்து நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்காலத்தவர் நம்பினர். மலேரியாவைப் பரப்புவது கொசு என்னும் உண்மை, 1897-ல் ரொனால்டு ராஸ் செகந்திராபாதில் கண்ட பின்னரே உலகுக்குத் தெளிவாயிற்று. அக்கொசு கடிப்பது இரவில். வெயிலிலிருந்து பிள்ளைகளைக் காக்க எண்ணிய பெற்றோர், கொசு கடிக்கும் வேளையிலேயே அவர்களை அடிவாரக் காட்டின் வழியே அழைத்துச் சென்றனர். அன்பு இருந்தது, அறிவு இன்னும் வந்து சேரவில்லை. அன்பு மட்டும் போதும் என்று இருந்துவிடாமல் அறிவையும் தேடுவது பெற்றோரின் கடமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் திருச்சபையின் குருக்களும் இதே வழியில் ஏறியவர்களே. 1837-ல் மீண்டும் தொடங்கிய மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்த பிரெஞ்சு இயேசு சபையார் பலர் இளவயதிலேயே நோய்க்கு இரையாயினர். 1860-ஐ ஒட்டி அச்சபையார் கோடைக்கானலில் ஓய்வில்லம் ஒன்றை அமைத்தனர். லூயி சான்சீர் அடிகளாரின் முயற்சியால் 1866-ல் சலேத் அன்னையின் ஆலயம் எழுந்தது. 1895-ல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. 1901-ல் மறைப்பணியாளர்களின் பிள்ளைகளுக்காக அமெரிக்கர் ஒரு பள்ளியைத் தொடங்கினர். படிப்பதற்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த வேதனை அதனால் தணிந்தது. மேஜர் லா என்பவர் வகுத்த தடத்தில், 1914-ல் வாகனங்கள் செல்லும் மலைச்சாலை அமைந்தது. அதன்பின் தோள்களின் தேவை குறைந்தது. தோள் கொடுத்தவர்களின் நினைவும் மங்கியது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏறியவர்களின் பெயர்கள் வீடுகளிலும் சாலைகளிலும் கல்லறைகளிலும் பொறிக்கப்பட்டுள்ளன. சுமந்தவர்களின் பெயர்களோ எந்தக் கல்லிலும் இல்லை. பிறர் பிள்ளையைக் குளிர்ந்த மலைக்குத் தூக்கிச் சென்ற அந்த மனிதனுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பர். அவர்கள் அதே காய்ச்சல் நிலத்தில், அதே அடிவாரத்தில் கிடந்தனர். அவர்களை மேலே சுமந்து செல்ல எவரும் வரவில்லை.

அது முடிந்துபோன கதை என்று தள்ளிவிட முடியவில்லை. அப்பழைய பாதையில் உள்ள சிற்றூர் வெள்ளகவி. இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும், சாலை இல்லாத காரணத்தால் அவ்வூரார் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாளிதழ்களில் படித்தோம். சீமான்களின் பிள்ளைகளை மேலே ஏற்றிய அதே டோலி, ஏழைகளின் நோயாளிகளை மருத்துவமனைக்குச் சுமக்கும் ஊர்தியாக ஒரு நூற்றாண்டுக்கு மேலும் நீடித்தது.

கோடைக்கானல் ஆலயம் சலேத் அன்னைக்குரியது என்பதில் ஆழ்ந்த பொருள் உண்டு. 1846-ல் பிரான்சு நாட்டு மலையொன்றில் அன்னையின் காட்சியைப் பெற்றதாக அறிவித்தவர்கள் மெலனி, மாக்சிமின் என்னும் இருவர். இருவரும் கூலிக்கு மாடு மேய்த்த ஏழைப் பிள்ளைகள். எவருடைய தோளிலும் ஏறி அவர்கள் அம்மலைக்குச் செல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகத் தாமே நடந்து ஏறியவர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டு நடுவில் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு மலையேறும் நம் மக்கள், அன்னை தேடிச் சென்றது எத்தகைய பிள்ளைகளை என்பதையும் நினைவிற்கொள்வது நன்று.

தொடக்க நூலின் முப்பத்து மூன்றாம் அதிகாரத்தில், தன்னோடு விரைந்து வருமாறு அழைத்த அண்ணன் ஏசாவுக்கு யாக்கோபு மறுமொழி சொல்கிறார். பிள்ளைகள் இளைத்தவர்கள், பால்கொடுக்கும் ஆடுமாடுகளும் உடன் உள்ளன, ஆகவே அவர்களின் நடைக்கு ஏற்ப மெல்லவே வருவேன் என்பது அதன் கருத்து. ஒழுகையின் நடுவே குரங்கோடு விளையாடிய உமணச் சிறுவர்களின் பெற்றோரும் இதை ஏற்றிருப்பர். ஒரு சமுதாயம் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதைவிட, அதன் வலுவற்ற பிள்ளை எங்கே நடந்துவருகிறது என்று திரும்பிப் பார்ப்பதே அதற்கு அழகு.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மலையிலும் அடிவாரத்திலும் உள்ள குடும்பங்களில், தம் பாட்டனோ பூட்டனோ அவ்வழியில் சுமை தூக்கியதாகச் சொல்லும் முதியோர் இருக்கலாம். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆங்கிலேயரின் குறிப்பேடுகள் 'கூலி' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டன. பங்குகளின் பழைய திருமுழுக்குப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் அப்படி நிறுத்திக்கொள்வதில்லை. ஏழையாயினும் தந்தை பெயரையும் தாய் பெயரையும் கேட்டு எழுதுவது அவற்றின் மரபு. சுமந்தவர்களின் பெயர்களைத் தேட விரும்புவோர் அங்கிருந்து தொடங்கலாம்.