கள்: காலையில் இனிப்பு, மாலையில் காட்டம்

ஜோர்ஜ்டவுனிலிருந்து பினாங்கு இரண்டாவது பாலத்தைக் கடந்தால் பத்து காவான். அங்கே தென்னை நிழலிலேயே கள் கிடைக்கும். விரியாத பாளையைக் கட்டி, தட்டி, காலையும் மாலையும் நுனியைச் சீவி, வடியும் சாற்றைப் பிடிக்கிறார்கள். எதுவும் சேர்ப்பதில்லை, காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களே சில மணி நேரத்தில் நுரைக்க வைத்துவிடும். இறக்கியதும் இனிப்பு, பிறகு காட்டம், நாள் கடந்தால் காடி. அதனால்தான் மரத்தடியிலேயே சுவைக்கச் சொல்கிறார்கள்.

தோட்டப்புறத்தில் இதே கள் கூலியை விழுங்கிய காலமும் உண்டு. தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடை நடத்தின. அவற்றை மூடுவது 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. 1947-இல் கெடா, பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். குவளையை எடுக்குமுன் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.