துலாவும் உழவனின் பொழுதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரிகாலத்தில் மாத்திரமே ஓடும். வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழைநீர் சுண்ணக்கற் பாறைகளினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. ஆதலின் இங்கு வயல் மழையை நம்பியிருக்க, தோட்டம் கிணற்றை நம்பியிருந்தது. தோட்டஞ் செய்வோரின் நாட்பொழுதை வகுத்ததும் அக்கிணறே எனலாம்.

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் (1658-1795) புகையிலை இங்கு சிறந்த பணப்பயிராயிற்று. திருவிதாங்கூர் அதன் பெருஞ் சந்தையாக விளங்கியது. மாரி ஓயும் வேளையில் நடப்படும் இப்பயிர் வெயிற்காலத்தில் வளர்வது. எனவே இறைப்பின்றிப் புகையிலை இல்லை.

இறைப்பு விடியுமுன்னரே தொடங்கும். துலாவின்மீது ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை ஊற்றுவார். இன்னொருவர் வாய்க்காலை மறித்தும் திறந்தும் பாத்திதோறும் நீரைச் செலுத்துவார். வெயில் ஏறுமுன் இது முடிதல் வேண்டும். அன்றேல் மிதிப்போரின் கால்கள் சோர்ந்துவிடும். அதன்பின் பழஞ்சோறு உண்டு, களை பிடுங்குதல், புகையிலையின் நுனி முறித்தல், புழுப் பொறுக்குதல், எருவுக்குக் குழை வெட்டுதல் ஆகியவற்றில் பகல் கழியும். மாலையில் மாடுகளைப் பேணும் வேலை காத்திருக்கும்.

இத்தனை கைகளை ஒரு வீடு எக்காலமும் தருதல் அரிது. ஆகவே இன்று அயலானுக்குத் துலா மிதித்தவன் நாளை அவன் உதவியைப் பெற்றான். காணி பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது கிணற்றுப் பங்கும் உடன் பிரிந்தது. உறுதிகளிலே வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டது. பங்காளர் முறைவைத்து இறைத்தனர். முறை தவறின் பயிர் வாடும். முறையை மீறின் உறவு முறியும்.

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. நால்வர் செய்த வேலையை ஒருவரே சிறிது நேரத்திற் செய்து முடித்தார். விடியற்புறத்து வருத்தம் நீங்கியது நன்றே. துலா மிதித்த சிறுவர்க்கும் படிக்கப் பொழுது கிடைத்தது.

ஆயினும் மற்றொன்றும் நிகழ்ந்தது. குடாநாட்டின் நன்னீர், அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்பது. அதனை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும். துலாக் காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்கு ஓய்வளித்தது. கால்கள் ஓய்ந்தபோது ஊற்றும் மீண்டும் நிரம்பியது. இயந்திரமோ களைப்பறியாது. கிணற்றின் அளவறிந்து நிறுத்தும் பொறுப்பு இப்போது உழவனின் அறிவையே சார்ந்ததாகும்.