குதிகால் திரும்பும் இடம்

தில்லியில் குளிர் வந்துவிட்டது என்பதை எனக்கு வானிலை அறிக்கை சொல்வதில்லை. மாமிகள் செருப்போடு சாக்ஸ் போட ஆரம்பித்தால் குளிர் வந்தாயிற்று. கட்டைவிரலுக்குத் தனி அறை வைத்த அந்த சாக்ஸை ஊரில் பார்த்தால் சிரிப்பார்கள். மெட்டியும் இருக்க வேண்டும், செருப்பும் நுழைய வேண்டும், குளிரும் தாங்க வேண்டும் என்றால் வேறு என்னதான் வழி?

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து கம்பளித் துணிகளை வெயிலில் போட்டோம். அடியில் ஒரு துணிப்பையில் அம்மா பின்னிய சாம்பல் நிற சாக்ஸ் ஒன்று கிடைத்தது. ஒன்றுதான். அதன் ஜோடி, ஊசிகளில் மாட்டியபடியே, கணுக்கால் வரை வந்து நின்றிருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா ஊசியைத் தொடவில்லை. இப்போது கும்பகோணத்தில் தம்பியோடு இருக்கிறாள்.

"பாட்டி ஏன்ப்பா இங்கயே நிறுத்திட்டா?" என்றாள் மகள்.

போன் போட்டுக் கேட்டேன். அம்மா சிரித்தாள். "குதிகால் திருப்பறதுக்குக் கண்ணு நன்னாத் தெரியணும்டா. அதுதான் சாக்ஸு. மத்ததெல்லாம் வெறும் குழாய்."

அந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு வாரம் படிக்க வைத்துவிட்டது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்த வித்தை என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு சாக்ஸுக்கு 60 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். (கண்ணி என்றால் ஊசியில் இருக்கும் வளையம். இங்கே 'ஃபந்தா' என்பார்கள்.) சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் குழாய் வரும். குதிகால் வந்ததும் 30 கண்ணிகளை அப்படியே விட்டுவிட்டு மீதி 30-ல் மட்டும்தான் வேலை. 29 பின்னி, கடைசி ஒன்றைப் பின்னாமல் திரும்ப வேண்டும். இந்தப் பக்கம் 28 பின்னி, மறுபடி ஒன்றை விட்டுத் திரும்ப வேண்டும். இப்படியே நடுவில் 10 கண்ணி மிஞ்சும் வரை. பிறகு விட்டவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் மறுபடி 30. வரிசையை முடிக்காமல் நடுவழியில் திரும்புவதால் இதற்கு 'ஷார்ட் ரோ' என்று பெயர். நாம் குட்டை வரிசை என்று சொல்லிக்கொள்வோம்.

இதனால் என்ன ஆகிறது? நடுவில் இருக்கும் கண்ணிகள் ஏறக்குறைய 40 வரிசை வளர்ந்திருக்கும். ஓரத்தில் இருப்பவை ஓரிரண்டு வரிசைதான். நடுவில் துணி அதிகம், ஓரத்தில் குறைவு. ஆகவே அது தட்டையாக இருக்க முடியாமல் கிண்ணம் போல் குழிகிறது. கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்கிறோமே, அதே கதைதான். கத்தரி இல்லை, தையல் இல்லை, நூல் எங்கேயும் அறுபடவில்லை. குதிகாலுக்கு மட்டுமல்ல, ஸ்வெட்டரின் தோள் சரிவுக்கும், பின்கழுத்து உயரத்துக்கும் இதே குட்டை வரிசைதான்.

ஒரே ஒரு சிக்கல். திரும்பிய இடத்தில் ஓட்டை விழும். அதனால் திரும்புவதற்கு முன் பக்கத்துக் கண்ணியின் இடுப்பில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். பிறகு அந்தக் கண்ணிக்கு வரும்போது, சுற்றையும் கண்ணியையும் சேர்த்து எடுத்துப் பின்ன வேண்டும். அம்மா கண் தெரியணும் என்றது இதற்குத்தான்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த சிவப்புக் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. கி.பி. 300-க்கும் 500-க்கும் இடைப்பட்டது. செருப்போடு போடுவதற்காகக் கட்டைவிரலைப் பிரித்துச் செய்திருக்கிறார்கள். நம் மாமிகளுக்கு 1,500 வருஷ முன்னோடி! ஆனால் அது இரண்டு ஊசிப் பின்னல் இல்லை. ஒற்றை ஊசியில் நூலை முழுவதுமாக இழுத்து இழுத்துக் கோத்த வேலை. நமக்குத் தெரிந்த பின்னலில் மிகப் பழையவை என்று கருதப்படும் துண்டுகளும் எகிப்தில்தான் கிடைத்திருக்கின்றன. 11 முதல் 14-ம் நூற்றாண்டு வரையிலானவை. அவுரி நீலமும் வெள்ளையும் கலந்த பருத்திக் காலுறைகள்.

ஐரோப்பாவில் அப்போதும் பெரும்பாலும் நெய்த துணியைக் குறுக்காக வெட்டித் தைத்துத்தான் காலுக்கு மாட்டினார்கள். நெய்த துணி காலோடு ஒட்டாது, முட்டியில் சுருங்கும். பின்னிய காலுறை வந்ததும் பிரபுக்கள் மயங்கியதில் ஆச்சரியம் இல்லை. 1562-ல் இறந்த ஃபிளாரன்ஸ் அரச குடும்பத்து எலியனோராவைப் புதைத்தபோது அவர் காலில் இருந்தவை பட்டில் கையால் பின்னிய காலுறைகள்.

1589-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பக்கம் கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். ஏழைகளின் பிழைப்பு போய்விடும் என்று முதலாம் எலிசபெத் ராணி அதற்கு உரிமை தர மறுத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. லீ பிரான்ஸுக்குப் போய் அங்கேயே இறந்தார். அவர் தம்பி இயந்திரங்களைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் தொழில் வேர் பிடித்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லீயின் இயந்திரம் குழாய் பின்னவில்லை, தட்டையாகத்தான் பின்னியது. ஆனால் தொழிலாளி ஓரக் கண்ணிகளை ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தி, கெண்டைக்கால் அகலத்திலிருந்து கணுக்கால் குறுகல் வரை உருவத்தைப் பின்னும்போதே கொண்டுவந்தார். பிறகு பின்பக்கம் ஒரு தையல், அவ்வளவுதான். இயந்திரம் வந்தும் உருவம் தொழிலாளியின் கையில்தான் இருந்தது. 200 வருஷம் இப்படி ஓடியது.

அப்புறம்தான் வினை. அகலமான துணியாகப் பின்னிவிட்டு, அதைக் காலுறை வடிவத்தில் கத்தரித்துத் தைத்து விற்க ஆரம்பித்தார்கள் சில முதலாளிகள். சீக்கிரம் முடியும், தேர்ந்த ஆள் தேவையில்லை, கூலி குறைவு. ஆனால் பின்னலைக் கத்தரித்தால் வெட்டிய ஒவ்வொரு கண்ணியும் ஓடத் தயாராக நிற்கும். தையல் விட்டால் காலுறை காலி. மலிவுச் சரக்கு வந்து நல்ல சரக்கின் பெயரும் கெட்டது.

1811 மார்ச்சில் நாட்டிங்காம் பக்கத்து ஆர்னல்ட் ஊரில் இயந்திரங்கள் உடைபட்டன. லட்டைட் கலகம் தொடங்கியது. எங்கள் அலுவலகத்தில் புது மென்பொருள் வேண்டாம் என்பவரை 'லட்டைட்' என்று கிண்டல் செய்வோம். நானும் செய்திருக்கிறேன். படித்த பிறகு கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அவர்கள் இயந்திரத்தைக் கண்டு பயந்தவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக இயந்திரத்தில் வேலை செய்தவர்கள். அவர்களுடைய குறைகளில் கூலிக் குறைப்பு, இயந்திர வாடகை இவற்றோடு இந்த வெட்டுச் சரக்கும் ஒன்று. ஒழுங்கான கூலி கொடுத்து ஒழுங்கான சரக்கு செய்தவர்களின் இயந்திரங்களைப் பல இடங்களில் தொடாமல் விட்டிருக்கிறார்கள். 1812-ல் இயந்திரம் உடைத்தால் மரண தண்டனை என்று பார்லிமென்ட் சட்டம் போட்டது. அதை எதிர்த்துக் கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் பேசினார், அது அவருடைய முதல் பேச்சு. சட்டம் நிறைவேறத்தான் செய்தது.

அதன் பிறகு 1816-ல் மார்க் பிரூனல் வட்டப் பின்னல் இயந்திரத்துக்கு உரிமை வாங்கினார். அது பின்னியது, அம்மா சொன்ன அதே வெறும் குழாய். 1840-களின் கடைசியில் லெஸ்டரின் மேத்யூ டவுன்சென்ட் நாக்கு வைத்த ஊசியைக் கண்டுபிடித்ததும் வேகம் கூடியது.

திருப்பூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் மீதிக் கதை உங்களுக்கே தெரியும். வட்ட இயந்திரத்தில் குழாயாகப் பின்னி, சாயம் போட்டு, கட்டிங் மேஜையில் அடுக்கி வெட்டி, ஓவர்லாக் அடித்து... நாம் போடும் பனியனும் டி-ஷர்ட்டும் லட்டைட்கள் எதிர்த்த அதே வெட்டுச் சரக்குதான். அதைத் தாழ்வாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஓவர்லாக் தையல் வந்து, கண்ணி ஓடும் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது.

ஆனால் சாக்ஸில் மட்டும் கத்தரி ஜெயிக்கவில்லை. இன்றும் தொழிற்சாலை சாக்ஸ் இயந்திரம் குதிகால் வந்ததும் சுற்றுவதை நிறுத்தி, பாதி ஊசிகளில் மட்டும் முன்னும் பின்னுமாக ஆடுவது உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஊசியை விட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும். நம்பிக்கை இல்லை என்றால் உங்கள் சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள் :-) குதிகாலின் இரண்டு பக்கமும் சாய்வாக ஒரு கோடு ஓடினால், அதுதான் குட்டை வரிசைகள் திரும்பிய தடம்.

இந்தியாவில் ஊசிப் பின்னல் பரவியதில் மிஷனரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1850-களில் லாஹுல் பள்ளத்தாக்கின் கேலாங்கில் மொரேவியன் சபையினர் வந்து தங்கினார்கள். அங்கே மரியா ஹைடே என்ற பெண்மணி உள்ளூர்ப் பெண்களுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தார். லாஹுல் சாக்ஸும் கையுறையும் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றன. நடுவில் 160 வருஷம் அதைக் கை மாற்றிக் கை மாற்றிக் காப்பாற்றியது மலைப் பெண்கள்.

அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி. 1978-ல் அப்பாவின் மாற்றலோடு வந்த அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. 'சீதா', 'உல்டா' இரண்டும்தான் முதலில் கற்ற வார்த்தைகள். எனக்குச் சின்னதாகப் போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசிக் காயவைத்து, தம்பிக்குப் பின்னுவாள். வெட்டாத துணி என்பதால்தானே அது முடிந்தது? வெட்டியிருந்தால் துண்டு நூல்தான் மிஞ்சியிருக்கும்.

நேற்று ராத்திரி நானே அந்த ஊசிகளை எடுத்தேன். (சிரிக்காதீர்கள்.) இரண்டு மணி நேரத்தில் குதிகால் மாதிரி ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டை. போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பி அம்மாவிடம் காட்டச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். உடனே போன்.

"சுத்தினது சரிதான். திரும்பி வரச்சே அதை எடுக்க மறந்துட்டே. பிரிச்சுடு."

"இவ்ளோ பின்னினதையா?"

"நூல் எங்கேடா போகப்போறது? அங்கேயேதான் இருக்கும். பிரிச்சுட்டு மறுபடி போடு."

பிரித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து மகள் நூலை உருண்டையாகச் சுற்றினாள். இன்றைக்கு மறுபடியும் 29-லிருந்து.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பாதியில் நிற்கும் சாக்ஸ் எதுவும் இருக்கிறதா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.