அரைப்பேர்: திம்புள்ளவில் எழுதக் கற்ற வரலாறு

சென்ற ஆண்டு எம்முள் ஐவர் விடுதியறை ஒன்றிற் கூடி, தாம் எழுதிய கதைகளை ஒருவர்க்கொருவர் படித்துக்காட்டுவதென முடிவு செய்தோம். என் கதை திம்புள்ளப் பகுதித் தோட்டமொன்றில் நிகழ்வது. நாள் முழுதும் மழையில் நனைந்து கொழுந்தெடுத்த தாயொருத்தி, நிறை போதாமையால் 'அரைப்பேரோடு' லயத்துக்குத் திரும்புகிறாள். வடமராட்சியைச் சேர்ந்த நண்பர் அவ்விடத்தில் நிறுத்தினார். "ஒருவருடைய பேரை எப்படிப் பாதியாக்குவது?" என்று கேட்டார்.

எனக்குச் சினமே வந்தது. பிறந்தநாள் தொட்டுக் கேட்டுவரும் சொல்லுக்கு விளக்கம் வேண்டுமா? ஒருநாள் வேலை செக்ரோலில் ஒரு 'பேராக' விழும். குறித்த இறாத்தல் எடுக்கத் தவறினால் அது பாதியாகும். விளக்கியபின், 'அரைநாட் சம்பளம்' என்று மாற்றிவிடலாமோ என்றும் எண்ணினேன். அந்தத் தயக்கமே, எமக்கு முன் மலையகத்தில் எழுதியோர் யாரை மனத்திற் கொண்டு எழுதினர் என்று தேடத் தூண்டியது.

தொடக்கத்தில் அங்கு வாசகர் என்போர் பெரும்பாலும் கேட்போரே. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் பத்திரிகையாளர், ஆயினும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையாரின் பாடல்கள் கூட்டங்களிற் பாடப்பட்டே தொழிலாளரைச் சென்றடைந்தன. எழுத்தறியாத கூட்டத்தின் முன் பாடுபவருக்கு மறுமொழி உடனே கிடைத்துவிடும். சொல் விளங்கவில்லையெனில் முகங்களே அதைக் காட்டிக்கொடுக்கும்.

சி. வி. வேலுப்பிள்ளையின் நிலை வேறு. 1914இல் மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த அவர், 1934இல் இலங்கை வந்த தாகூரிடம் தமது ஆங்கில இசைநாடகம் ஒன்றைக் கையளித்தார் என்பர். 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தேயிலைத் தோட்ட வாழ்வைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நெடுங்கவிதையும் ஆங்கிலத்திலேயே எழுந்தது. சக்தி அ. பாலையாவின் மொழிபெயர்ப்பில் அது 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழுக்கு வந்தது 1969இல். தம் மக்களின் துயரை அவர்கள் படிக்கவியலாத மொழியில் எழுதினாரே என்று குறைகூறுதல் எளிது. அவரோ, அம்மக்களின் தலைவிதியை எழுதும் அதிகாரம் எம்மொழியில் இயங்கிற்றோ அம்மொழியிலேயே வழக்குரைத்தார் என்பதே என் கருத்து. பிற்காலத்தில் தமிழில் நாவல்கள் எழுதியதும், தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கியதும் அவருடைய வேறொரு திரும்புகை.

அறுபதுகளில் நிலைமை மாறிற்று. அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்களைச் சூழ்ந்து, லயத்திலிருந்து வந்த மாணவர் தலைமுறையொன்று எழுதத் தொடங்கியது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்னும் பெயரில் வீரகேசரிப் பிரசுரமாயின. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதி 1980இல் வந்தது. இவர்களது கதைகளிற் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெரட்டுக்களமும் அடிக்குறிப்பை எதிர்பாராமல் உலவுகின்றனர். பக்கத்துத் தோட்டத்தவரே படிப்பர் என்ற நம்பிக்கை அந்நடையில் தெரிகிறது. பிழையாக எழுதினால் அவர்களே பிடித்துக்கொள்வர் என்ற அச்சமும் இருந்திருக்கும். அது நல்ல அச்சம்.

அச்சம் எனக்கும் வந்தது, சற்றுப் பிந்தியே. வடமராட்சி நண்பர் தம் கதையைப் படித்தபோது, அதில் மலையகப் பெண்ணொருத்தி பௌர்ணமி நிலவில் கொழுந்து கிள்ளினாள். இரவிற் கொழுந்தெடுப்பதில்லை என்றேன். சிரித்தவாறே அடித்துவிட்டார். 'அரைப்பேர்' பற்றி அவர் கேட்டதற்கு நான் முகஞ்சுளித்ததை நினைத்து வெட்கமடைந்தேன். அவர் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. அதன் வலி தமக்கும் எட்டவேண்டும் என்றே கேட்டிருந்தார். ஆகவே சொல்லை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் நிறுக்கும் காட்சியொன்றைச் சேர்த்தேன்.

விடுமுறையில் அக்காட்சியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து வாசனை குறைவு. இறுதிவரை பேசாமற் கேட்டிருந்தார். பின்னர், "மழைன்னு எழுதிருக்க, தண்ணி கழிக்கலியே?" என்றார். ஈரக் கொழுந்துக்கு நீரின் நிறையென்று சில கிலோக்களைக் கழிப்பது வழக்கம். அத்தாய் நிறையைத் தவறவிடுவதற்கு முதற்காரணமே அதுவாக இருந்திருக்கும். முப்பது பக்கத்தில் அதற்கு ஒரு வரியேனும் நான் ஒதுக்கியிருக்கவில்லை.