இராஜபாட்டையும் நம் வீடுவாசல்களும்

ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்கு நல்ல வழி ஒன்று இருத்தல் அவசியம். வழியற்ற ஊரில் விளைபொருளுக்கு விலை கிட்டாது. நோயாளிக்குக் காலத்தில் வைத்தியம் கிட்டாது. ஆகவே புதுச் சாலை என்றாலே எதிர்ப்பது நம் சங்கத்தின் கருத்தன்று. ஆயினும் சாலையின் பயன் ஊர் முழுவதும் பரவுகின்றது. அதன் நஷ்டமோ சில வீடுகளின் தலையில் மட்டும் இறங்குகின்றது. அந்தச் சில வீட்டார் கூறும் குறையைச் சர்க்கார் எக்காலத்தில் எவ்வாறு செவிமடுத்தது என்பதை நம்மவர் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை வரைகின்றோம்.

நம் தாடிக்கொம்பு, திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் மார்க்கத்தில், குடகனாற்றை அடுத்துள்ள பழம்பதி. சௌந்தரராஜப் பெருமாள் திருக்கோயிலின் மண்டபத்தில் ஓங்கி நிற்கும் சிற்பத் தூண்களைக் காண வெளியூரார் வருகின்றனர். இத்தகைய ஊர்களில் சுவாமி புறப்பாட்டுக்கும் மாட்டு வண்டிக்கும் எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவே பெரியோர் வீதி வகுத்தனர். மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னரே அகலம் போதவில்லை என்னும் பேச்சு எழலாயிற்று. அது எழும்போதெல்லாம், சாலையோரம் மனை வைத்திருப்போர் நெஞ்சில் கவலையும் உடன் எழுகின்றது.

நம் பகுதி 1985-ம் வருஷம் வரையில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. எனவே மதுரை நகரில் நிகழ்ந்ததை முதலில் நோக்குவோம். 1840-ம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் அங்குக் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் துரை, நகரைச் சூழ்ந்திருந்த பழைய கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை விரிவாக்கத் தீர்மானித்தார். இடித்துத் தூர்த்துக் கொடுப்போருக்கு அந்நிலத்திலேயே மனையிடம் அளிக்கப்பட்டது. வெளி வீதிகள் அவ்வாறே உண்டாயின. வேலையை நடத்திய மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயர்களை மதுரை வீதிகள் இன்றும் தாங்குகின்றன. உழைத்த குடிகளுக்கு நிலமே கூலியாகக் கிட்டியதால், அம்மாறுதலில் ஜனங்களும் பங்காளிகளாயினர்.

பிற்காலத்தில் நிலைமை வேறாயிற்று. 1894-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம், பொதுக் காரியத்திற்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்தது. மார்க்கெட் விலைக்கு மேல் நூற்றுக்குப் 15 வீதம் சேர்த்துக் கொடுக்கவும் விதித்தது. ஆனால் ‘என் நிலத்தை எடுக்கவே வேண்டாம்’ என்று முறையிட நிலத்துக்குடையவனுக்கு அதில் இடமில்லை. தொகை போதாதென்று வழக்காடலாம், அவ்வளவே. 1923-ம் வருஷத்துத் திருத்தத்தினால்தான் ஆட்சேபணையைக் கேட்டு விசாரிக்க வேண்டுமென்னும் விதி நுழைந்தது. இடைப்பட்ட 29 வருஷங்களில் நிலமிழந்த குடிகள், எடுக்கலாமா கூடாதா என்ற கேள்வியைக் கேட்கவும் உரிமையற்றிருந்தனர். நூற்றுக்கு 15 என்பது 1984-ல் 30 ஆகவும், பழைய சட்டத்தை நீக்கி வந்த 2013-ம் வருஷத்துச் சட்டத்தில் 100 ஆகவும் உயர்ந்தது.

தேசிய நெடுஞ்சாலைகளுக்கோ 1956-ம் வருஷத்துத் தனிச் சட்டம் உண்டு. 1997-ல் அதில் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, நிலம் எடுக்கும் உத்தேசம் கெஜட்டில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்துமூலம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தவரை அதிகாரி நேரில் விசாரிக்கக் கடமைப்பட்டவர். அறிவிப்பின் சாரத்தை இரண்டு பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். அவற்றுள் ஒன்று தேச பாஷைப் பத்திரிகையாயிருத்தல் வேண்டும். முன்சொன்ன சேர்ப்புத் தொகை நெடுஞ்சாலைக்கு நிலமிழந்தோர்க்கும் உரியதென்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் தீர்ப்பளித்தது.

நம் காலத்துப் பெரிய வழக்கு சேலம்–சென்னை எண்வழிச் சாலையைப் பற்றியது. ஏறக்குறைய 277 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலைக்கு நிலமெடுக்க 2018-ல் அறிவிப்பு வந்தது. கிணறும் தென்னையும் வீடும் போமே என்று குடியானவர்கள் கலங்கி நீதிமன்றம் சென்றனர். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை ஹைகோர்ட் அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட், நிலமெடுக்கும் உத்தேச அறிவிப்பு செல்லுமென்று கூறிற்று. ஆயினும் முறை முடியுமுன்னரே கிராமக் கணக்கில் உடையவர் பெயரை மாற்றியது தவறென்றும், பழைய பெயர்களையே மீண்டும் பதியவேண்டுமென்றும் ஹைகோர்ட் இட்ட உத்தரவை அது நிலைநிறுத்திற்று. சாலை போடும் அதிகாரம் பெரிதாயினும், முறை தவறி ஒரு குடியின் பெயரை அழிக்கும் அதிகாரம் எவர்க்குமில்லை என்பது இதனால் விளங்கும்.

இச்சரித்திரத்தினின்று நம்மவர் கைக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்கின்றது. பாகப் பிரிவினை வாய்ப்பேச்சாகவே இருக்கின்றது. நோட்டீஸ் வந்த பின்னர் வாரிசுச் சான்றுக்கு அலையத் தொடங்கினால் 21 நாள் போதாது. தொகை வருங்காலத்தில் அண்ணன் தம்பிமார்க்குள் வழக்கு மூள்வதும் இதனாலேயே. ஆதலின் சாலைப் பேச்சு எழுமுன்னரே தஸ்தாவேஜுகளைச் செம்மை செய்துகொள்வது கடமை.

ஆட்சேபணை எழுதுவோர் ‘சாலை வேண்டாம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தலாகாது. மழைநீர் எவ்வழி வடியும், பள்ளிப் பிள்ளைகளும் கால்நடைகளும் எங்கே கடப்பது, சுவாமி புறப்பாட்டுக்கு வழி எது, எந்தக் கிணறு மூடப்படும் என்று இடங்குறித்து எழுதினால், விசாரிக்கும் அதிகாரி ஒவ்வொன்றுக்கும் விடை கூற வேண்டிவரும். படிப்பறியாத அண்டை வீட்டார்க்கும், அவர் எக்குலத்தாராயினும், அம்மனுவை எழுதிக் கொடுப்பது நம் இளைஞர்க்கு உரிய தொண்டு. சாலை எல்லா வீட்டையும் ஒன்றாகவே அளக்கின்றது. குறை கூறுவதிலும் நாம் ஒன்றாக நிற்பதே முறை.