ஃபுல்லர், ஆண்ட்ரூ (1754–1815)
இங்கிலாந்தின் கெட்டரிங் நகரில் போதகராயிருந்த பாப்டிஸ்ட் இறையியலாளர். கிறிஸ்து, மீட்புக்கெனக் கடவுளால் முன்குறிக்கப்பட்டவர்களுக்காக மட்டுமே மரித்தார் என்னும் கால்வினியக் கொள்கையைப் பற்றிநின்ற பாப்டிஸ்டுகளுள் ஒரு சாரார், மனந்திரும்பும் அறிகுறி இல்லாதோரை விசுவாசிக்குமாறு அழைப்பதே தகாது எனக் கருதினர். அமெரிக்க இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் நூல்களைத் துணைக்கொண்டு இதை மறுத்த ஃபுல்லர், பாவியிடம் இல்லாதது விசுவாசிக்கும் இயல்பாற்றல் அன்று, விருப்பமே என்றும், ஆகவே நற்செய்தியைக் கேட்கும் எவருக்கும் அதை ஏற்கும் கடமை உண்டென்றும் 1785இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். முன்குறித்தலைக் கைவிடாமலே எழுப்புதல் பிரசங்கத்துக்கு இடமளித்ததுதான் இவ்வாதத்தின் வலிமை. 1792 அக்டோபர் 2 அன்று கெட்டரிங்கில் ஒரு கைம்பெண்ணின் வீட்டுப் பின்னறையில் கூடிய ஃபுல்லர் உள்ளிட்டோர் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தைத் தொடங்கினர்; ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பியில் அவர்கள் இட்ட வாக்குறுதிச் சீட்டுகளின் தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். மறு ஆண்டு சங்கத்தின் மிஷனரியாக வில்லியம் கேரி வங்காளம் சேர, ஃபுல்லர் இறக்கும்வரை சங்கச் செயலாளராக ஊர் ஊராகப் பிரசங்கித்து நிதி திரட்டினார்.