நவாலி வீதியோர நினைவுத் தூபி

பண்டத்தரிப்பிலிருந்து சண்டிலிப்பாய், மானிப்பாய் வழியாக நவாலிக்குச் செல்லும் ஒருவர், புனித பேதுருவானவர் தேவாலயத்தின் அயலில் நிற்கும் நினைவுத் தூபியைக் கண்டு, அது நவாலியூரவரின் துயரத்தை மாத்திரம் சொல்வதென எண்ணிவிடலாகாது. 1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே விமானக் குண்டுவீச்சில் மாண்டவருட் பலர், பண்டத்தரிப்பு முதலான வலிகாமத்துக் கிராமங்களிலிருந்து அபயம் நாடி வந்த ஜனங்களாவர்.

1990ஆம் ஆண்டின் பின்னர், பலாலிப் படைத்தளத்துக்கும் விடுதலைப் புலிகளின் ஆட்சிப் பகுதிக்கும் இடையிலான எல்லை வலிகாமத்தின் வட பாகத்தை ஊடறுத்துச் சென்றமையால், பண்டத்தரிப்பு யுத்தத்தின் விளிம்பிலேயே ஜீவித்த ஊராயிற்று. 1995 ஏப்ரல் 19ஆம் திகதி அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான சமாதானப் பேச்சு முறிந்தது. ஜூலை 9ஆம் திகதி அதிகாலையில், ‘முன்னேறிப் பாய்தல்’ என்று பெயரிட்ட நடவடிக்கையுடன் இராணுவம் அவ்வெல்லையைத் தாண்டிற்று.

எறிகணைகள் முந்திவர, வீட்டைப் பூட்டவும் அவகாசமின்றி, குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு ஜனங்கள் தெற்கே ஓடினார்கள். ஆலயங்களிலே தங்குமாறு அறிவிக்கப்பட்டதென்று அன்று ஓடிவந்தோர் சொல்வர்; அவ்வாறு அறிவிக்காவிடினும் அவர்கள் அங்கேதான் சென்றிருப்பார்கள். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையின் தாக்குதல் நிகழ்ந்தபோது நல்லூர்க் கந்தசுவாமி கோவில் பெருந்திரளான அகதிகளை ஏற்றுக் காத்தது. 1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் குடியேறிப் பிணி தீர்த்த பண்டத்தரிப்பிலோ, தேவாலய வளவு என்பது மதபேதமின்றி மருந்துக்கும் ஆறுதலுக்கும் நாடிச் செல்லும் ஸ்தலமாகத் தலைமுறைகளாகவே இருந்துவந்தது. இந்தச் சம்பிரதாயத்தின் மீது வைத்த நம்பிக்கையே அவர்களைப் பேதுருவானவர் தேவாலயத்துக்கும் அயலிலுள்ள கதிர்காம முருகன் ஆலயத்துக்கும் கொண்டு சேர்த்தது.

அங்கேதான் விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் 65 பேர் இறந்ததாக உலகுக்கு அறிவித்தது. உண்மையை உடனே வெளியிட்டதற்காக அரசின் அதிருப்திக்கும் ஆளாயிற்று. பின்னர் தொகுத்த கணக்கு நூறையும் கடந்தது. ஆடிப்பிறப்பைப் பாடிய சோமசுந்தரப் புலவர் பிறந்த அவ்வூரிலே, ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் ஆக்குவதற்கு ஒரு வாரம் இருக்கையில், அடையாளங் காணவும் இயலாத உடல்களைப் பொறுக்கி அடக்கம் செய்ய நேர்ந்தது. யுத்தத்தில் இது தவிர்க்கவொண்ணாத தவறென்று சொல்வாரின் கூற்றை நான் ஏற்கமாட்டேன். அபயம் புகுந்தோரைக் காப்பது எந்தப் படைக்கும் முதற் கடமை.

ஜூலை 14ஆம் திகதி புலிகள் ‘புலிப்பாய்ச்சல்’ என்ற எதிர்த்தாக்குதலைத் தொடங்கினர். அதன்பின் சில நாட்களுக்குள் இராணுவம் பழைய எல்லைக்கே மீண்டது. இத்தனை உயிரைப் பறித்துப் பிடித்த நிலம் ஒரு வாரமளவே கையில் இருந்தது. ஒக்டோபர் 17ஆம் திகதி அடுத்த பெரும் படையெடுப்பு தொடங்க, அம்மாத இறுதியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது.

ஆண்டுதோறும் ஜூலை 9ஆம் திகதி தூபியருகே சுடரேற்றி மலர் தூவுகிறார்கள். எத்தனை பெயர்களைப் பொறித்தாலும், எவர் எந்த ஒழுங்கையால் ஓடினார், வழியில் எவரைப் பிரிந்தார் என்பவற்றை எழுதக் கல்லிலே இடமிராது. அன்று நடந்து சென்று உயிர்தப்பிய பண்டத்தரிப்பு மக்களே, உங்கள் நினைவிலுள்ளவற்றை எழுதி ஊர் வாசிகசாலையிலும் பாடசாலையிலும் சேர்ப்பியுங்கள். எழுத இயலாத முதியோரின் வாய்மொழியை இளையோர் இப்பொழுதே கேட்டு எழுதுங்கள்.